அதிகாலை விமானம், ஆறு மணி ரயில், கயிறு கட்டிய ஒரு பெட்டி

என் பாஸ்போர்ட் உறைக்குள் ஒரு பழைய ரயில் டிக்கெட் கிடக்கிறது. சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்கு, தேஜஸ் எக்ஸ்பிரஸ், புறப்பாடு 6.00 மணி. 2019 ஜூன் மாதத்துப் பயணம். அந்த ரயிலில் நான் ஏறவில்லை. அது போன பிறகு காலியாகக் கிடந்த தண்டவாளத்தைத்தான் பார்த்தேன்.

எனக்குத் துபாயில் ஏசி பராமரிப்பு வேலை. ஊர் கோவில்பட்டிப் பக்கம். விடுமுறைக்கு வரும்போது விமான டிக்கெட்டைக் கம்பெனிதான் எடுத்துத் தரும். எது மலிவோ அது. ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குத் துபாயில் ஏற்றி, நம்ம ஊர்க் கணக்கில் விடிகாலை மூன்று, நான்குக்குச் சென்னையில் இறக்கிவிடுவார்கள். திருச்சிக்கோ மதுரைக்கோ நேரடி விமானம் கிடைக்கிறவர்கள் பாக்கியவான்கள், இதற்கு மேல் படிக்க வேண்டாம். சென்னையில் இறங்கி அதற்கப்புறம் ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் ரயிலில் போக வேண்டியவர்களுக்குத்தான் இது.

2019-இல் நான் போட்ட கணக்கு இவ்வளவுதான். விமானம் தரையிறங்குவது 3.10. ரயில் 6.00. நடுவில் இரண்டு மணி ஐம்பது நிமிடம். எழும்பூருக்கு டாக்சியில் அரை மணி போதும். மிச்சம் இரண்டு மணி நேரம் ஸ்டேஷனில் கொசுக்கடியில் உட்கார வேண்டுமே என்பதுதான் அப்போது கவலையாக இருந்தது. கேம்ப் கட்டிலில் உட்கார்ந்து போடுகிற கணக்கெல்லாம் இப்படித்தான் அழகாக வரும்.

விமானம் துபாயிலேயே நாற்பது நிமிடம் தாமதம். 3.50-க்குத் தரை தொட்டது. ஊர்ந்து வந்து நின்று, கதவு திறந்து, எனக்கு முன்னால் இருந்த முப்பது வரிசைக்காரர்களும் மேலே இருந்த பையை இறக்கி முடித்தபோது 4.15. குடியேற்றச் சோதனைக்கு வந்தால், எங்களுக்குச் சற்று முன்னால் இறங்கிய இரண்டு விமானங்களின் கூட்டம் முழுதும் அங்கே நின்றது. அதைத் தாண்டும்போது ஐந்து மணி. பெல்ட்டில் என் பெரிய பெட்டி சீக்கிரமே வந்துவிட்டது. கயிறு கட்டிய அட்டைப்பெட்டி வரவில்லை. அதற்குள் அம்மாவுக்கு வாங்கிய மிக்சி இருந்தது, விட்டுவிட்டும் வர முடியாது. அது ஆடி அசைந்து வந்து, சுங்கத்தில் எக்ஸ்ரே பார்த்து, நான் வெளிக்காற்றைச் சுவாசித்தபோது 5.25.

டாக்சிக்காரர் நல்லவர். கத்திப்பாரா, கிண்டி, அண்ணா சாலை என்று பறந்தார். எழும்பூர் வாசலில் இறங்கும்போது 6.01. பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடிய என்னைப் பார்த்துப் போர்ட்டர் ஒருவர், "தேஜஸா? இப்பத்தான் போச்சு தம்பி, மூச்சு வாங்காதீங்க" என்றார். நேரத்துக்குக் கிளம்பாத ரயில் என்று நாம் திட்டுவதெல்லாம் நமக்கு அவசரமில்லாத நாட்களில்தான் போல.

டிக்கெட் பணம்? ஒரு ரூபாய் திரும்பி வரவில்லை. விமானம் தாமதமானதால் ரயிலை விட்டேன் என்று ரயில்வேயிடம் சொல்ல முடியாது, சொன்னாலும் அது அவர்கள் கவலை இல்லை. ஒரு ரயில் தாமதமாகி அடுத்த ரயிலை விட்டால், இரண்டு டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணையும் முன்கூட்டியே இணைத்திருந்தால், பணம் திரும்பக் கேட்க 2019 ஏப்ரலிலிருந்து வழி இருக்கிறது. விமானத்தை அப்படி இணைக்க வழியில்லை. டிக்கெட் எடுக்கும்போது சில காசுக்கு ஒரு பயணக் காப்பீடு கேட்பார்களே, அது விபத்துக்கானது, விட்டுப்போன ரயிலுக்கானது அல்ல. விமானமும் ரயிலும் ஒன்றையொன்று அறியாத இரண்டு பேர். நடுவில் நிற்கிற நமக்குத்தான் இருவரையும் தெரியும்.

அன்று அடுத்து வந்த குருவாயூர் ரயிலில் பொதுப்பெட்டி. மிக்சிப் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு விழுப்புரம் வரை ஒற்றைக் காலில் நின்றேன். திருச்சியில் ஒரு பாட்டி நகர்ந்து இடம் கொடுத்தார். வீட்டுக்குப் போகும்போது விளக்கு வைத்து வெகு நேரமாகியிருந்தது.

அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். சென்னையில் இறங்கும்போதெல்லாம் போனில் இரண்டு நேரத்தைக் குறித்து வைப்பேன். ஒன்று, சக்கரம் தரை தொட்ட நேரம். இன்னொன்று, பெட்டியோடு கட்டடத்துக்கு வெளியே கால் வைத்த நேரம். என் கணக்கிலும் அறைக்காரர்கள் இரண்டு பேர் கணக்கிலுமாகச் சேர்ந்த குறிப்புகளில் மிகக் குறைவு 55 நிமிடம், கையில் ஒரே பை மட்டும் வைத்திருந்தவர். மிக அதிகம் 2 மணி 10 நிமிடம். பெரும்பாலும் ஒன்றேகாலிலிருந்து ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள். ஆகவே விமான டிக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்தோடு இரண்டு மணியைக் கூட்டி, அதுதான் நான் சென்னைக்கு வந்து சேரும் நேரம் என்று வைத்துக்கொள்கிறேன். ரயிலை அங்கிருந்துதான் தேட ஆரம்பிப்பேன்.

இதில் குடியேற்ற வரிசையைக் குறைக்க இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. இந்தியக் குடிமக்களுக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரில் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கும் முன்பதிவு செய்துகொண்டால் தானியங்கிக் கதவு வழியாகப் போகிற திட்டம். டெல்லியில் 2024-இல் தொடங்கி, 2025 ஜனவரி 16 முதல் சென்னையிலும் நடக்கிறது. கட்டணம் இல்லை. இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு விரல்ரேகை, முகப்படம் கொடுக்க வேண்டும். நான் விடுமுறை முடிந்து திரும்பும் வழியில் பதிந்துவிட்டேன். ஆனால் இது பெல்ட்டில் பெட்டி வருவதை வேகப்படுத்தாது. என் அனுபவத்தில் ஆளை விடப் பெட்டிதான் எப்போதும் தாமதம்.

அடுத்த விடுமுறை 2022-இல். சூடு கண்ட பூனை எப்படி நடந்துகொள்ளும்? விமானம் நான்கு மணிக்கு. நான் எடுத்த ரயில் மதியம் புறப்படும் வைகை. அன்று பார்த்து விமானம் சொன்ன நேரத்துக்கு வந்தது, பெட்டியும் முதல் பத்துக்குள் வந்தது. ஐந்தேகாலுக்கு வெளியே வந்துவிட்டேன். ரயிலுக்கு இன்னும் எட்டரை மணி நேரம்.

அந்த எட்டரை மணி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரயிலை விட்டவன் கதையை எல்லாரும் கேட்பார்கள், காத்துக் கிடந்தவன் கதையை யாரும் கேட்பதில்லை. ராத்திரி முழுதும் தூக்கமில்லை. துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி வித்தியாசம், உடம்புக்கு அப்போது இன்னும் நடுராத்திரி. எழும்பூர் காத்திருப்புக் கூடத்தில் நாற்காலி கிடைத்தது. கண்ணை மூடினால் பெட்டி போய்விடுமோ என்ற பயம். பொருள் காப்பறையில் வைக்கலாம் என்று போனால், பூட்டிய பெட்டியைத்தான் வாங்குவார்கள். சூட்கேசுக்குப் பூட்டு இருக்கிறது. அட்டைப்பெட்டிக்கு எங்கே பூட்டுவது? கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால்கூடப் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, இவரிடம் விட்டுப் போகலாமா என்று ஜாதகம் கணிக்க வேண்டும். மத்தியானம் ரயிலில் ஏறியதும் அடித்துப் போட்டதுபோலத் தூங்கி, விழித்தபோது திண்டுக்கல். மதுரையில் இறங்கும்போது இரவு ஒன்பதரை. அதற்கு மேல் பஸ் பிடித்து வீடு சேர நடுச்சாமம் கடந்துவிட்டது. முதல் தடவை ரயிலை விட்டவன்கூட, விளக்கு வைத்து வெகு நேரமானாலும் நடுச்சாமத்துக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டான். ஜாக்கிரதையாக இருந்தவன் பிள்ளைகள் தூங்கிய பிறகு போனேன்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ரயில் இருக்க வேண்டும் என்று தெரிந்தது. அது எது என்று சொன்னவர் எங்கள் அறையில் இருந்த சாத்தூர் அண்ணாச்சி. இருபது வருஷமாக வந்து போகிறவர்.

"எழும்பூருக்கு ஏம்ல போற? ஏர்போர்ட்டுல இருந்து வடக்க அரை மணி நேரம் போயி ரயில் ஏறி, அதே ஏர்போர்ட்டு வாசல் வழியா தெக்க திரும்பி வருவியாக்கும்?"

உண்மைதான். விமான நிலையம் மீனம்பாக்கத்தில் இருக்கிறது. எழும்பூரில் கிளம்பும் தென்மாவட்ட ரயில்கள் எல்லாம் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கிற திரிசூலம் ஸ்டேஷனை நிற்காமல் கடந்துதான் தாம்பரம் வருகின்றன. எழும்பூரிலிருந்து தாம்பரம் வர ரயிலுக்கு ஏறத்தாழ 25 நிமிடம். விமான நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு எட்டு கிலோமீட்டர் சுமார்தான் இருக்கும். எழும்பூர் அதைப்போல இரண்டு மடங்கு தூரம், அதுவும் ஊருக்குள். ஆகத் தாம்பரத்தில் ஏறினால் சாலையில் ஒரு கால் மணி, ரயில் வந்து சேருகிற 25 நிமிடம் இரண்டும் நம் கைக்கு வருகின்றன. 2019-இல் எனக்குப் போதாமல் போனது இதைவிடக் குறைவான நேரம். அந்த வருஷம் தொடங்கிய தேஜசுக்கு அப்போது தாம்பரத்தில் நிறுத்தம் இல்லை என்பது வேறு விஷயம். 2023-இல்தான் கொடுத்தார்கள்.

ஆனால் தாம்பரத்தில் ஏறுவதென்றால் டிக்கெட்டிலும் தாம்பரம் என்று இருக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எழும்பூரில் ஏறுவதாக டிக்கெட் எடுத்துவிட்டு, தாம்பரத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று நின்றால், பரிசோதகர் எழும்பூர் தாண்டியதும் ஆள் வரவில்லை என்று குறித்து, இருக்கையை வரிசையில் காத்திருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். டிக்கெட் பதியும்போதே ஏறும் இடம் என்று ஒரு கட்டம் வரும், அதில் தாம்பரத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு மாற்றுவதென்றால் ரயில் கிளம்ப ஒரு நாளாவது இருக்கும்போதே ஐஆர்சிடிசியில் மாற்றிவிடுவது நல்லது. மாற்றிய பிறகு எழும்பூரில் ஏறும் உரிமை போய்விடும். எனக்கு அது நஷ்டமே இல்லை.

தாம்பரத்தில் ரயில் இரண்டு நிமிடம்தான் நிற்கும். தேஜஸ், வந்தே பாரத் இரண்டுக்கும் கதவு தானாக மூடிக்கொள்ளும், ஓடிப்போய்த் தொற்றுகிற வேலை நடக்காது. நாம் ஏற வேண்டிய ரயில்பெட்டி எங்கே நிற்கும் என்று நடைமேடைப் பலகையில் பார்த்து, அங்கேயே போய் நிற்க வேண்டும். எடை பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. விமானத்தில் 30 கிலோவும் கையில் 7 கிலோவும் கொண்டு வருகிறோம், ரயிலில் ஏசி இருக்கை வகுப்புக்கு 40 கிலோ வரை கட்டணமில்லை. இடம்தான் பிரச்சினை. இருக்கை வண்டியில் பெட்டியைத் தலைக்கு மேல்தான் ஏற்ற வேண்டும், அந்த அட்டைப்பெட்டியை ஏற்ற இரண்டு பேர் வேண்டும். இப்போதெல்லாம் அட்டைப்பெட்டி கட்டுவதையே விட்டுவிட்டேன். மிக்சி கோவில்பட்டியிலேயே விற்கிறது.

விமான நிலையத்திலிருந்து தாம்பரம் போக மலிவான வழி மின்சார ரயில். ஜிஎஸ்டி சாலைக்கு அந்தப் பக்கம் திரிசூலம். சுரங்கப்பாதையில் கடந்து போகலாம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், அதற்கடுத்தது தாம்பரம். டிக்கெட் ஐந்து ரூபாய். துபாயிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு நெருக்கமாக வந்தவனுக்கு இந்த ஐந்து ரூபாய்ப் பயணத்தில் ஒரு தனிச் சந்தோஷம் இருக்கிறது. முதல் வண்டிகள் விடியுமுன்பே ஓடத் தொடங்கிவிடும். தோளில் ஒரு பை, கையில் ஒரு சக்கரப்பெட்டி என்றால் இதுதான் வழி. இரண்டு பெரிய பெட்டி இருந்தால், படியில் ஒன்றை மேலே வைத்துவிட்டு மற்றதை எடுக்க இறங்குகிற சர்க்கஸ் வேண்டாம், டாக்சி எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் டாக்சிதான். அன்று மின்சார ரயில்கள் குறைவு, தண்டவாளப் பராமரிப்பு என்று இடையில் நிறுத்தவும் செய்வார்கள். செயலியில் பதிகிற வண்டிகளுக்குப் பலமாடி வாகன நிறுத்தம் வரை பெட்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும், அதற்கு ஒரு பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோ பற்றிக் கேட்பார்கள். நல்ல வசதிதான், ஆனால் முதல் வண்டி காலை ஐந்து மணிக்கு, அதுவும் வடக்கே மட்டும்தான் போகும். கோயம்புத்தூர், சேலம், ஈரோடு போகிறவர்களுக்கு அது சரி. அவர்களுடைய ரயில்கள் சென்ட்ரலில் கிளம்பி அரக்கோணம், காட்பாடி வழியாகப் போகின்றன, தாம்பரம் பக்கமே வராது. விமான நிலையத்திலிருந்து நீல வழித்தட மெட்ரோ மாறாமலே சென்ட்ரலில் இறக்கிவிடும். எழும்பூர்தான் போக வேண்டுமென்றால் ஆலந்தூரில் பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும். கும்பகோணம், தஞ்சாவூர் போகிறவர்களுக்குக் காலையில் சோழன் இருக்கிறது, அதையும் தாம்பரத்திலேயே பிடிக்கலாம்.

கும்பகோணம் என்றதும் எங்கள் அறைத் தம்பி ஒருவன் நினைவுக்கு வருகிறான். எல்லாவற்றையும் சரியாகச் செய்தான். தாம்பரம் என்று போட்டான், சோழனைத் தேர்ந்தெடுத்தான், மூன்றரை மணி நேர இடைவெளி விட்டான். துபாயில் 14-ஆம் தேதி இரவு விமானம் ஏறினான். ரயிலுக்கும் 14-ஆம் தேதி என்றே டிக்கெட் எடுத்திருந்தான். தாம்பரத்தில் ரயில் வந்ததும் தன் இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சண்டைக்குப் போயிருக்கிறான். பரிசோதகர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்க ரயில் நேத்தே போயிருச்சு" என்று சொன்னாராம். அவன் துபாயில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோதே அவன் ரயில் மாயவரம் தாண்டியிருந்தது. நள்ளிரவைத் தாண்டி இறங்கும் விமானத்தில் வருகிறவர்கள், ஏறும் தேதியை மறந்துவிட்டு இறங்கும் தேதியை மட்டும் காலண்டரில் வட்டமிட்டு வைக்க வேண்டும். கிழமையையும் பாருங்கள். தேஜஸ் வியாழக்கிழமை ஓடாது, நாகர்கோவில் வந்தே பாரத் புதன்கிழமை ஓடாது. புதன் ராத்திரி விமானம் ஏறினால் இறங்குவது வியாழன்.

இனி, எவ்வளவு யோசித்தாலும் ரயில் போய்விடுகிற நாள் ஒன்று வரும். அதற்கு நான் செய்வது, அதே நாளில் பிறகு வருகிற ரயிலில் படுக்கை வகுப்பில் இன்னொரு டிக்கெட். முற்பகலில் வருகிற குருவாயூர் எக்ஸ்பிரஸ் மதுரை, கோவில்பட்டி வழியாகத்தான் போகிறது. முதல் ரயில் கிடைத்துவிட்டால் இந்தப் பணம் பெரும்பாலும் போனதுதான், தெரிந்தே எடுக்கிறேன். மற்றவர்கள் வீண்செலவு என்பார்கள். பொதுப்பெட்டியில் ஒற்றைக்காலில் நின்றவனிடம் அந்த வாதம் எடுபடாது. குடும்பத்தோடு வந்தால் ஐந்து டிக்கெட் அப்படி எடுக்க முடியாதுதான். அப்போது பஸ்ஸை நம்பலாம். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்துதான் இப்போது தென்மாவட்ட பஸ்கள் கிளம்புகின்றன. அதுவும் அதே ஜிஎஸ்டி சாலையில், தாம்பரம் தாண்டி வண்டலூரை ஒட்டி. திருச்சிக்கோ மதுரைக்கோ பகலில் பஸ் இல்லாமல் போகாது. ரயில் போய்விட்டால் கோயம்பேட்டுக்குப் போகாதீர்கள், வடக்கே திரும்பவே வேண்டாம்.

பணத்தை விட என்னை அதிகம் படுத்தியது இந்தியச் சிம் கார்டு. ரீசார்ஜ் செய்யாமல் போட்டு வைத்திருந்த எண் செத்துப் போயிருந்தது. ஐஆர்சிடிசிக்குள் நுழைய, வங்கிக்கு, எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். கடைசி நேரத்தில் தட்கல் எடுக்க நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் எடுக்க ஆதாரோடு இணைந்த ஓடிபி வேண்டும். தட்கல் ஏசிக்கு நம் ஊர் நேரம் பத்து மணி, துபாயில் எட்டரை. படுக்கை வகுப்புக்குப் பதினொன்று, அங்கே ஒன்பதரை. வேலைத்தளத்தில் ஏணி மேல் நின்றுகொண்டு தட்கல் எடுத்தவன் நான், கிடைக்கவில்லை. இப்போது அந்த எண்ணை மாதா மாதம் வீட்டிலிருந்து உயிரோடு வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். டிக்கெட்டைத் தாளிலும் அச்செடுத்து வைத்துக்கொள்கிறேன், போன் சார்ஜ் தீர்ந்தால் கதை முடிந்தது. இந்திய ரூபாயில் ஒரு மூவாயிரம், அதில் பாதி நூறும் ஐம்பதுமாக, பாஸ்போர்ட் உறைக்குள் எப்போதும் இருக்கும். விடிகாலை டீக்கடையில் திர்ஹாம் செல்லாது.

இன்னொன்று. விமான நிலையக் கட்டடத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். நேரம் மிச்சமிருந்தால் பெல்ட் பக்கத்திலேயே முகம் கழுவி, சட்டை மாற்றி, உட்கார்ந்து போனைச் சார்ஜ் போட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

2025 பொங்கலுக்கு வந்ததுதான் எல்லாம் கூடி வந்த பயணம். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்திருந்தது. விடுமுறை எப்போது என்று கம்பெனி கடைசியில்தான் சொல்லும் என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு அது நல்லதாகவே போயிற்று. நவம்பர் இரண்டாவது வாரம், துபாய் நேரம் காலை ஆறரை, நம் ஊரில் எட்டு. நானும் அண்ணாச்சியும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தோம். எனக்கு ஜனவரி 11 சனிக்கிழமை தேஜசில் கிடைத்தது.

13-ஆம் தேதி வரை வேலை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் மேலாளர் சொன்னார். நான் கெஞ்சி முன்னால் போட்டுக்கொண்டேன். காரணம் போகி. விடிகாலையில் ஊரே எரிக்கிற பழைய சாமான்களின் புகை ஓடுபாதையை மூடிவிடும். 2018 போகியன்று பார்வைத் தெளிவு இல்லாமல் சென்னைக்கு வந்த பல விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற ரயில் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ இறங்கி உட்கார்ந்திருப்பதை விடக் கொடுமை எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் ஒரு சண்டை நடந்தது. நாகர்கோவில் வந்தே பாரத் 2024 ஆகஸ்ட் கடைசியில் வந்துவிட்டது. எழும்பூரில் ஐந்து மணி, தாம்பரத்தில் ஐந்தேகாலைத் தாண்டி, கோவில்பட்டியிலேயே நிற்கும். "ஏங்க, நேரா வீட்டுக்கே வருது, அதுல எடுங்க" என்று மனைவி. விமானம் இறங்குவது 3.10. கூட்டல் இரண்டு, 5.10. அதற்கு மேல் தாம்பரம் போக வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டேன். தாம்பரத்துக்குத் தேஜஸ் வருவது ஆறு இருபதைத் தாண்டி, மதுரையில் இறங்கி பஸ். அதுதான் என் கணக்குக்கு ஒத்து வந்தது.

அன்று விமானம் 3.20-க்குத் தரை தொட்டது. வரிசை சிறியது. பெட்டி ஒன்றே ஒன்று, கயிறு இல்லை. 4.35-க்கு வெளியே. அந்த நேரத்துக்கு ஜிஎஸ்டி சாலையில் பால் வண்டிகளும் எங்களைப் போன்ற டாக்சிகளும்தான். தாம்பரம் நடைமேடையில் கால் வைத்தபோது 5.05.

டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன். பளபளவென்று வந்து நின்றது வந்தே பாரத். சரியாக என் முன்னால் ஒரு கதவு திறந்தது. உள்ளே ஜன்னலோரம் ஒரு இருக்கை காலியாக இருந்ததைக்கூடப் பார்த்தேன். கதவு மூடிக்கொண்டது, போய்விட்டது. மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது, பொய் சொல்லவில்லை. அடுத்த ஒரு மணி நேரம் இன்னொரு டீ, இரண்டு வாழைப்பழம், பெட்டி மேல் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம். என் ரயில்பெட்டி நிற்கிற இடத்தில் நின்றேன், தேஜஸ் வந்தது, ஏறினேன். திருச்சி வரை எதுவும் தெரியாது.

மதியம் பன்னிரண்டேகாலுக்குப் பிறகு மதுரை. மாட்டுத்தாவணியில் கோவில்பட்டி பஸ் புறப்படத் தயாராக நின்றது. வீட்டு வாசலில் இறங்கியபோது மூன்று மணிகூட ஆகவில்லை. அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியைக்கூட இறக்கவில்லை.

"ஏய்யா, அந்த வந்தே பாரத்துல வந்திருந்தா பன்னெண்டு மணிக்கே வந்திருக்கலாம்ல?"

மனைவி அடுக்களைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.